முளைக்காத பாகலும் செப்டம்பர் முப்பதும்

ஜூலை 14, செவ்வாய்க்கிழமை
காலை 9.20

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உடம்பிலும் மனத்திலும் குறையில்லாமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. சுகம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டுப் போவது என் வழக்கமில்லை என்பதால் விவரம் தருகிறேன். சென்ற புதன்கிழமை, ஜூலை எட்டாம் தேதி, மருத்துவர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார், அது நல்ல ஆட்டல்தான் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறாள். இடது முழங்கால் படி இறங்கும்போது மட்டும் முறைத்துக்கொள்கிறது. அம்மாவுக்கு ஜூன் பத்தொன்பதாம் தேதி புதுக் கண்ணாடி வந்தது, வந்த அன்றே வீடு முழுவதும் ஒட்டடை தெரிய ஆரம்பித்துவிட்டது, மூன்று நாட்கள் அவள் ஏணியில் நிற்க நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தலையில் விழுந்த தூசிக்கு நானே பொறுப்பு என்பதுபோல் திட்டும் வாங்கினேன்.

நீ ஜூன் 28 என்று தேதியிட்டு எழுதிய கடிதம் ஜூலை 9, வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு வந்து சேர்ந்தது. நான்கு பக்கங்கள். மூன்றே முக்கால் பக்கம் உன் வீட்டின் பின்புறத்து மண்ணைப் பற்றி, அதில் போட்ட விதைகளைப் பற்றி, வந்ததையும் வராததையும் பற்றி. கடைசி மூன்று வரிகளில், செப்டம்பர் முப்பது நெருங்குகிறது, சொன்ன சொல்லை மீறமாட்டேன், வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிடட்டுமா, டிக்கெட் எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஆக நீ கேட்டவை இரண்டு: காய்கறி எப்படி வளர்ப்பது, உன் கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிடுவதா என்பது. கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன். இரண்டாவதை முதலில் எழுதுங்கள் என்று அம்மா பக்கத்தில் நின்று நச்சரிக்கிறாள், பிள்ளை அங்கே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நீங்கள் வெண்டைக்காய்க்கு மண் கிளறிக்கொண்டிருங்கள் என்கிறாள். வரிசை என்றால் வரிசைதான் என்று சொல்லி அவளை அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறேன், போனவள் பாத்திரங்களிடம் முறையிட்டுக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது. கடிதம் வந்த அன்றைக்கே அவள் உன்னைத் தொலைபேசியில் அழைத்து, பாகல் பாத்தியைக் கொத்தாதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நீயும் தேதியைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் பேச்சை எடுக்கவில்லை. நம் வீட்டில் பெரிய விஷயமெல்லாம் காகிதத்தில்தான் பேசிப் பழக்கம், அந்தக் கெட்ட பழக்கம் என்னிடமிருந்து வந்தது.

முதலில் மண். நீ ஒரே பாத்தியில் பதினோரு வகை விதை போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அம்மா அதை வாசித்துவிட்டு, இவள் தோட்டம் போட்டாளா, ஊர்வலம் விட்டாளா என்று கேட்டாள். முதல் வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு வகை போதும்: ஒரு கீரை, தக்காளி, வெண்டை அல்லது அவரை, ஏறுகிற கொடி ஒன்று. எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு ஆகிய மூன்று வேளையும் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டுவிட்டு வா, ஆறு மணி நேரமாவது வெயில் படுகிற இடம் காய்களுக்கு, பாதி நிழல் கீரைக்கு. மண்ணை ஈரமாக ஒரு பிடி எடுத்து உருட்டி, விரலால் தட்டிப் பார். தட்டியதும் உதிர்ந்தால் நல்லது, உருண்டை உருண்டையாகவே நின்றால் களிமண் அதிகம், மக்கிய இலையும் சாணமும் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்து இரண்டு வாரம் விட்டுவிடு. விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் போடு, அதற்குமேல் புதைத்தால் அது மேலே வருவதற்குள் களைத்துவிடும். தக்காளி நாற்றில் நிஜ இலை நான்கு வந்தபின், வெயில் தாழ்ந்த நேரத்தில் பிடுங்கி நட வேண்டும், நடும்போது தண்டில் பாதிவரை மண்ணுக்குள் போகட்டும், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். தண்ணீரைக் காலையில், வேரில் ஊற்று, இலையைக் குளிப்பாட்டாதே. தினமும் ஊற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய், அதை விரலிடம் கேள்: ஆள்காட்டி விரலை இரண்டாவது கணுவரை மண்ணில் விடு, ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். செடியைச் சுற்றிக் காய்ந்த இலையை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினால் பாதித் தண்ணீர் மிச்சம், களையும் குறையும், ஆனால் இலை தண்டைத் தொடக்கூடாது, தொட்டால் அழுகும்.

அவரையின் நுனியில் கருப்பாக மொய்த்திருக்கிறது என்றாயே, அது அசுவினிப் பூச்சி. பயப்படாதே, முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடு, இரண்டு நாள் கழித்தும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை ஸ்பூன் மிதமான சோப்பைக் கரைத்து ஒரே ஓர் இலையில் தெளித்துப் பார், மறுநாள் அந்த இலை வாடாமல் இருந்தால் மாலையில் மற்ற இலைகளின் அடிப்புறத்திலும் தெளி. வெண்டையை விரல் நீளத்தில் பறித்துவிட வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், பாவம் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று நீ விட்டுவைத்தால் அது முற்றிவிடும், செடியும் தன் வேலை முடிந்தது என்று எண்ணிக் காய்ப்பதை நிறுத்திக்கொள்ளும். கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை விட்டு நறுக்கினால் மறுபடியும் துளிர்க்கும். கொடிகளில் பூத்துப் பூத்து உதிர்கிறது, காய் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தாலே தெரியும். வண்டு வராத இடமென்றால் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, நடுவில் உள்ள தூளைப் பெண் பூவின் நடுவில் நீயே தொட்டுத் தடவு. பூசணிக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும், சுரை மாலையில்தான் பூக்கும், அதற்கு மாலையில்.

இனி பாகல். இதில் உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை நீயே முடிவு செய்துகொள், நடந்ததை மட்டும் தேதிவாரியாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு சென்ற வருடம் நான் போட்ட கீரை, தக்காளி, வெண்டை, அவரை எல்லாம் பத்து நாட்களுக்குள் தலைகாட்டிவிட்டன. அதை வைத்து, பத்தாம் நாள் முளைக்காத பாத்தியைக் கொத்திவிட வேண்டும் என்று ஒரு விதியை எழுதிக் கொல்லைக் கதவின் உட்புறம் ஒட்டினேன். இந்த வருடம் ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை முதன்முதலாகப் பாகல் போட்டேன். பாகலின் ஓடு கெட்டியானது, பன்னிரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும், மழை பெய்து மண் குளிர்ந்திருந்தால் மூன்று வாரம்கூட எடுக்கும் என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்தது பத்து நாள் மட்டும்தான். ஏப்ரல் 13 கொத்தினேன், மறுபடி போட்டேன். ஏப்ரல் 23 கொத்தினேன், மறுபடி போட்டேன். மே 3, ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் முறை கொத்தியபோது மண்வெட்டியின் முனையில் ஒரு விதை ஒட்டிக்கொண்டு வந்தது. ஓடு பிளந்து, நக நீளத்துக்கு வெள்ளை வேர் விட்டிருந்தது, அந்த வேரை என் மண்வெட்டி பாதியில் வெட்டியிருந்தது. இன்னும் இரண்டே நாளில் வெளியே வந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், அம்மா கேட்டதற்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். அவள் ஒத்தடம் வேறு கொடுத்தாள்.

இது ஒன்று. ஏப்ரல் 3 அன்றே இன்னொன்றும் செய்திருந்தேன். அலமாரியில் ஒரு சுரை விதைப் பாக்கெட் இருந்தது, அதில் மார்ச் 31 வரை என்று அச்சிட்டிருந்தது. மூன்று நாள் தாண்டிவிட்டது. முப்பத்துநான்கு வருடம் மருந்துக் கிடங்கில் இருந்தவன் நான், தேதி தாண்டிய ஒரு மாத்திரைகூட என் கையெழுத்தில் வெளியே போனதில்லை, மருந்தில் அது சரிதான், அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே கையோடு பாக்கெட்டைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குப்பைக்குழியில் விதைகளைக் கொட்டிவிட்டு வந்தேன். அந்தக் குழி அம்மாவின் எல்லை, அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு நடத்துநர் வந்து வாசலில் நின்றார். பேருந்து வேலையை விட்டு எட்டு வருடம் ஆகியும் தெருவில் யாரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லாமல் அவரால் பேச முடியாது, உனக்குத்தான் தெரியுமே. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு சுரைக்காய். "சார், உங்க குப்பைக்குழி எங்க வீட்டுக்குள்ள காய்க்குது. இது மூணாவது. முதல் ரெண்டை நாங்க சாப்பிட்டுட்டோம், மனசு உறுத்துது" என்றார். நான் அவரிடம் எங்கள் வீட்டில் சுரையே போடவில்லை, வேறு யாரையாவது விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார், டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் பார்க்கிற அந்தப் பார்வையேதான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கொடி குழியிலிருந்து கிளம்பிச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் பந்தலே போட்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் ஆறு முளை வந்ததாம், நான் பார்த்தால் பிடுங்கிவிடுவேன் என்று அம்மா உடைந்த கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தாளாம், தினமும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாளாம், சுவருக்குக் கயிறு கட்டினாளாம். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டில் என்னோடு இருந்துகொண்டே இதைச் செய்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, ஏன் என்னிடம் சொல்லவில்லை, அது காலாவதியான விதை, எப்படி நம்பினாய் என்று கேட்டேன். அவள் காலிப் பாக்கெட்டையும் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "தேதி பாக்கெட்டுல போட்டிருக்கு. விதைக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள்.

மறுநாளே சோதனை செய்தேன். தேதி தாண்டிய வெண்டைப் பாக்கெட் ஒன்று அகப்பட்டது, பத்து விதை எண்ணி ஈரத்துணியில் சுற்றித் தட்டில் வைத்தேன், ஜூலை 12 அன்று பிரித்தபோது ஏழு முளைத்திருந்தன. நீயும் இப்படியே செய், பத்துக்கு ஏழு முளைத்தால் அப்படியே விதை, நான்கு முளைத்தால் இரட்டிப்பாகப் போடு, ஒன்றும் இல்லையென்றால் குழிக்குக் கொடு. கதவில் ஒட்டியிருந்த விதியைக் கிழித்துவிட்டேன். உன் பாகல் விஷயத்தில் இருபத்தைந்து நாள் வரை பொறு, மண் காயாமல் பார்த்துக்கொள், தோண்டிப் பார்க்காதே. தோண்டிப் பார்ப்பது பார்ப்பது ஆகாது, அது கொலை. நான் செய்தவன் சொல்கிறேன்.

உன் முதல் கேள்வி இதோடு முடிந்தது. அம்மா பாத்திரங்களை விட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

ஒப்பந்தத்தை நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் பதிவுக்காக ஒருமுறை எழுதிவிடுகிறேன். காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையை நீ அங்கே தொடங்கப்போவதாகச் சொன்னபோது, நான் இரண்டு பிரதிகள் தட்டச்சு செய்தேன். அக்டோபர் முதல் தேதி தொடங்கி, இரண்டு வருடம் கழித்துச் செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் கடை சொந்தக் காலில் நிற்காவிட்டால், அதை மூடிவிட்டு நீ இங்கே வந்து மருத்துவமனையின் காதுப் பிரிவில் வேலைக்குச் சேர வேண்டும். நீ கையெழுத்திட்டாய், நான் இட்டேன், சாட்சியாக அம்மா இட்டாள். இன்றிலிருந்து அதற்கு எழுபத்தெட்டு நாட்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் வாசகப்படி பார்த்தால் கடை அதற்குள் சொந்தக் காலில் நிற்காது, வாடகைக்காக நீ இன்னும் வாரத்தில் இரண்டு நாள் வேறிடத்தில் வேலை செய்கிறாய். எனவே வாசகப்படி நீ வர வேண்டியவள்தான்.

ஆனால் உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அவரைக்கும் கீரைக்கும் நடுவே, ஓரத்தில் பொடி எழுத்தில் நீ எழுதியிருப்பதை நான்கு முறை வாசித்தேன். முதல் வருட ஜூனில் மொத்தம் ஆறு பேர் வந்தார்கள், இந்த ஜூனில் நாற்பத்தொரு பேர், அதில் பத்தொன்பது பேர் முன்பு வந்தவர்கள் சொல்லி அனுப்பியவர்கள் என்கிறாய். தையற்காரர் ஒருவர் கருவியைக் காதில் மாட்டியதும் உன் கடிகாரம் சத்தம் போடுகிறது, அதை முதலில் சரி செய் என்றாராமே. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அந்த இரண்டு வருடம் என்பதை நீங்கள் எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டாள். கடைகள் நிலைத்து நிற்க எத்தனை வருடம் ஆகும் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. உன்னைப் பார்க்காமல் என்னால் இரண்டு வருடம்தான் தாங்க முடியும் என்று தோன்றியது, அதைத் தட்டச்சு செய்து உன்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை இதுதான். கடையையும் பாகலையும் ஒப்பிட்டு உனக்கு உபதேசம் செய்யப்போவதில்லை, கடை வேறு, பாகல் வேறு. தவறாகத் தேதி போட்டவன் மட்டும் இரண்டிலும் ஒருவன்.

அம்மாவையும் கேட்டேன், அவளும் கையெழுத்திட்டவள். உனக்கு மகள் வீட்டோடு இருக்க வேண்டாமா என்றேன். "தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவ வந்துட மாட்டாளான்னு இருக்கும், உங்ககிட்ட சொன்னதில்லை. அதுக்காக அவ கடையை மூடிட்டு வரணுமா? பூட்டிட்டுப் பத்து நாள் வந்து பாத்துட்டுப் போகட்டும், போதும்" என்றாள். பிறகு எழுந்துபோய்ச் சுரைக்காயை நறுக்க ஆரம்பித்தாள், வெகுநேரம் நறுக்கினாள், எங்கள் இரண்டு பேருக்கு அவ்வளவு தேவையே இல்லை.

எனவே ஜூலை 11, சனிக்கிழமை பிற்பகல், கோப்பிலிருந்து என் பிரதியை எடுத்து, குறுக்கே கோடிட்டு, ரத்து செய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன், சாட்சியாக அம்மா இட்டிருக்கிறாள். அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. உன் பிரதியிலும் அவ்வாறே செய்து, பத்திரமாக வைத்துக்கொள். வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லாதே. நேற்று திங்கட்கிழமை மருத்துவமனைக்கு நேரில் போய், என் மகள் இப்போதைக்கு வரமாட்டாள், அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று தலைமை மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். சரி, எப்போது வருவாள் என்று அவர் கேட்டார். தேதி தெரியாது என்றேன். அவர் என்னை இருபது வருடமாக அறிந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

ரத்து செய்ததன் கீழே, பழக்கதோஷத்தால், புதிய தேதி என்று எழுதி ஒரு கோடும் போட்டுவிட்டேன். அந்தக் கோட்டின்மேல் எதுவும் எழுதவில்லை, நீயும் எழுத வேண்டாம். அம்மா அதைப் புதுக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் முடிந்தது. வேளைக்குச் சாப்பிடு, கடையில் குனிந்தே வேலை செய்யாமல் மணிக்கு ஒருமுறை எழுந்து நட. மண்ணில் வேலை செய்யும்போது உறை போட்டுக்கொள், உன் கை மெல்லிய கம்பிகளைப் பிடிக்கிற கை. உன் கையால் தொட்டதெல்லாம் தழைக்க வேண்டும், உன் கடைக் கதவு ஓயாமல் திறக்க வேண்டும், நீ நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனமார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்: அக்டோபர் 1, வியாழக்கிழமை காலை கடையைத் திறந்ததும் எனக்கு ஒரு வரி எழுது. எத்தனை பேர் வந்தார்கள் என்றெல்லாம் வேண்டாம். திறந்தேன் என்று மட்டும் எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா